"ஏனுங்க" என்று தொடங்கிய ஜெபம்

கோரைப்பாயில் நெடுநேரம் முழங்காலிட்டு எழுந்தால் பாயின் வரிகள் தோலில் பதிந்து, சிவந்து, தடவிப் பார்க்கிற விரலுக்கு உழுத காடு மாதிரித் தட்டுப்படும். அந்த எரிச்சலும், சுண்ணாம்புச் சுவரின் ஈர வாசமும், ஜெபவீட்டு உபதேசியாரின் ஜெபம் இப்போது முடியும் இப்போது முடியும் என்று காத்திருக்கையில் ஓட்டுச் சந்திலிருந்து பல்லி கத்துகிற சத்தமும்தான் ஜெபம் என்றால் என்ன என்று எனக்கு முதலில் தெரிந்தவை. அதற்கு மேல் தெரிந்துகொண்டது எல்லாம் ஒரு பெண்மணியின் மீது வைத்த கோபத்தால் தெரிந்துகொண்டது. அன்பினால் ஜெபிக்கக் கற்றேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். ஆனால் அது பொய்யாகிவிடும், ஒரு பொய்யினால்தான் எனக்கு இவ்வளவும் ஆனது.

திருச்செங்கோட்டிலிருந்து பள்ளிபாளையம் போகிற பக்கத்தில், சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்தது எங்கள் ஊர். ஊரில் வேதக்காரர்கள் என்று பத்துப் பதினைந்து வீடுகள்தான். அப்பா இன்னொருவருடைய தறியில் கூலிக்கு நெய்தார், அம்மா அந்தத் தறிக்கு வேண்டிய நூலைச் சின்னச் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுத்தார். அதற்குத் "தார் சுத்தறது" என்று பேர். ஜெபவீட்டை ஒட்டியே ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதில் பாடம் சொன்னவரும், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குப் பாட்டும் ஜெபமும் சொல்லிக் கொடுத்தவரும் உபதேசியாரின் மனைவி ஞானம் டீச்சர். நல்ல குரல் அவருக்கு. வெள்ளைப் புடவையில் ஒரு சுருக்கம் இருக்காது. "அவர்" என்று மரியாதையாக இங்கே எழுதுகிறேன். ஜெபத்தில் நான் அவரை அப்படிச் சொன்னதில்லை.

டீச்சர் சொல்லிக்கொடுத்த ஜெபத்தில் கடவுளை "நீர்" என்று கூப்பிட வேண்டும். நீர் பெரியவர், நீர் நல்லவர், உம்மைத் துதிக்கிறோம். பள்ளிக்கூடப் புத்தகத்திலோ நீர் என்றால் தண்ணீர். எங்கள் ஊரில் யாரும் யாரையும் "நீர்" என்று கூப்பிட்டு நான் கேட்டதேயில்லை. பெரியவர்களை "நீங்க" என்போம், கூப்பிடுவதென்றால் "ஏனுங்க" என்போம். பேருந்தை நிறுத்திக் கேட்பதற்கும் "ஏனுங்க", கடைக்காரரைக் கூப்பிடவும் "ஏனுங்க", மனைவி கணவனைக் கூப்பிடவும் "ஏனுங்க". அவ்வளவு ஏன், அந்த டீச்சரையே ஊர் முழுக்க நாள் முழுக்க "ஏனுங்க டீச்சர்" என்றுதான் கூப்பிட்டது. இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அந்த வார்த்தையின் பொருள் எங்களைப் போலவே தெரியும்.

நான் ஐந்தாவது முடிக்கிற வருஷம், மாசி மாதத்து வெயிலில், சேலத்திலிருந்து ஒரு போர்டிங் அம்மா வந்தார். எங்கள் ஜெபவீட்டிலிருந்து ஒரே ஒரு பெண்பிள்ளையை ஆறாம் வகுப்புக்குக் கூட்டிப்போவார்கள். சாப்பாடு, துணி, படிப்பு எல்லாம் அங்கேயே. தேர்வுக்கு நின்றவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி விமலா, டீச்சருடைய அக்காள் மகள், அவர்கள் வீட்டில் தங்கிப் படித்தவள். வாசிக்கச் சொன்னார்கள், நான் தட்டுத்தடுமாறாமல் வாசித்தேன். வாய்ப்பாடு கேட்டார்கள், விமலா ஏழாம் வாய்ப்பாட்டில் நின்றுவிட்டாள், நான் பன்னிரண்டு வரைக்கும் போனேன். கடைசியாக, "ஆளுக்கு ஒரு ஜெபம் செய்யுங்கள் பார்ப்போம்" என்றார் போர்டிங் அம்மா. விமலா மனப்பாடமாக ஒப்பித்து எழுந்தாள்.

நான் முழங்காலிட்டேன். பரலோகத்தின் பிதாவே என்று தொடங்கி, "நீர்" என்ற இடம் வந்ததும் அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. அத்தனையும் மறந்துவிட்டது. வெளியே ஏதோ ஆடு கத்தியது. நான்கு பேர் இருந்தாலே வாய் திறக்காதவள் நான். அன்றைக்கு எப்படித் திறந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"ஏனுங்க சாமி, எனக்கு அந்த வார்த்தையெல்லாம் மறந்து போச்சுங்க, கோவிச்சுக்காதீங்க. எங்கம்மாளுக்கு இருமல் உடமாட்டேங்குதுங்க, கொஞ்சம் பாருங்க. இந்த அம்மாகூட என்னையச் சேலத்துக்கு அனுப்பி உட்டீங்கன்னா நல்லாப் படிச்சுக்குவேனுங்க. லீவுக்கு லீவு ஊட்டுக்கு வந்து உங்களையும் பாத்துட்டுப் போவேனுங்க. நான் வாரேனுங்க. ஆமென்."

கண்ணைத் திறந்தால் போர்டிங் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். கேலிச் சிரிப்பு இல்லை. என் முகத்தையே பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, கண் கலங்கின மாதிரி ஒரு சிரிப்பு. அவர் பட்டணத்துப் பக்கத்துக்காரர், சேலத்துக்குப் புதிதாக வந்தவர். டீச்சரிடம் திரும்பி, "அது என்ன டீச்சர், ஏனுங்க? ரொம்ப அழகா இருக்கே" என்று கேட்டார்.

டீச்சர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது இந்தப் பக்கத்துல பொண்டாட்டி புருஷனைக் கூப்பிடற வார்த்தைங்கம்மா. இவளை இவ மாமனுக்குப் பேசி வச்சிருக்காங்க. வீட்டுல கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழக்கம், இங்கயும் வந்துருச்சு."

"இந்த வயசிலயா?"

"இந்தப் பக்கம் அப்படித்தாங்கம்மா. படிக்க வச்சாலும் பாதியில கூட்டிட்டுப் போயிருவாங்க. உங்களுக்கு ஒரு இடம் வீணாப் போயிரும்."

போர்டிங் அம்மாவின் சிரிப்பு அணைந்துவிட்டது. என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தோடேயே நோட்டுப் புத்தகத்தில் என்னவோ எழுதினார். "இல்லீங்க" என்று ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். பாயின் வரிகளைப் பார்த்தபடி நின்றேன். விமலா என் பின்னலைப் பார்த்தபடி நின்றாள். வண்டி போய்விட்டது.

சாயங்காலம் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போய் வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"ஏனுங்க டீச்சர், எம்புள்ளைய ஆருக்குங்க பேசி வெச்சிருக்கறோம்?" என்றார் அப்பா. அவருக்கு அதற்கு மேல் கோபப்படத் தெரியாது.

"உங்க மச்சினர் அடிக்கடி வந்து போறாரே, ஊர்ல நாலு பேரு பேசிக்கிட்டாங்க. காதுல விழுந்ததைத்தான் சொன்னேன்."

"அவன் கறிக்கு ஆசைப்பட்டு வாரானுங்க. புள்ளைய விடப் பதினாறு வயசு மூத்தவன். நாளைக்கே சேலத்துக்குப் போயி அந்த அம்மாகிட்டச் சொல்லிட்டு வந்தர்றேன்."

"தாராளமாப் போங்க. உபதேசியார் கடுதாசி இல்லாம உள்ள விடமாட்டாங்க, அதையும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க." அப்புறம், குரலை இறக்கி, ஞாயிற்றுக்கிழமைக் குரலில் சொன்னார்: "மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. இது ஆண்டவருடைய சித்தம். அவர் ஒரு கதவைச் சாத்தினா நாம என்ன பண்ண முடியும்?"

வீட்டுக்கு வந்த அப்பாவிடம் அம்மா இருமிக்கொண்டே சொன்னார்: "உட்டுருங்க. ஞானஸ்நானத்துக்கும் அவிய ஊட்டு வாசல்லதான் நிக்கோணும், கண்ணாலத்துக்கும் நிக்கோணும், நாளைக்கு நான் செத்தாலும் நீங்க அங்கதான் போயி நிக்கோணும்." என் பக்கம் திரும்பி, "ரூத்து, நீ இங்க வா, சாமி. நாளையிலிருந்து எனக்குத் தார் சுத்திக் குடு."

ஜூன் மாதம் விமலா புதுத் தகரப் பெட்டியோடு சேலம் போனாள். நான் ராட்டை முன்னால் உட்கார்ந்தேன்.

என் ஜெபம் தொடங்கியது அந்த ராட்டை முன்னால்தான். அதற்கு முன் செய்ததெல்லாம் ஒப்பித்தல். டீச்சர் பொய் சொன்னது கூட எனக்கு அப்போது இரண்டாவதாகத்தான் வலித்தது. பொய்யைச் சொல்லிவிட்டுக் கடவுள்மேல் பழியைப் போட்டாரே, அதுதான் நெஞ்சில் நின்று அறுத்தது. ஒரு கையில் ராட்டை சுற்ற, மறு கையில் நூல் ஓட, உதடு அசையாமல் கேட்டேன்: "ஏனுங்க, அந்தம்மா இது உங்க சித்தம்னு சொல்றாங்களாமுங்க. நெசமுங்களா? நீங்களா சொன்னீங்க, எனக்கு மாமனைப் பேசி வெச்சிருக்குதுன்னு?"

நூல் அறுந்து, முடிச்சுப் போடக் குனிந்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. என்மேல் சொன்ன மாதிரியே அவர்மேலும் டீச்சர் பொய் சொல்லியிருக்கிறார். நான் வாய் திறக்காமல் நின்ற மாதிரியே அவரும் நிற்கிறார். ஒரே ஆளிடம் ஏமாந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். அன்றைக்கு எனக்குக் கூட்டாளி ஒருவர் கிடைத்தார்.

கூட்டாளியிடம் என்ன பேசுவோம்? எதிராளியை என்ன செய்யலாம் என்றுதான் பேசுவோம். தினமும் கேட்டேன். டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள வேண்டும், அதுவும் கிறிஸ்துமஸ் பாட்டு அன்றைக்குக் கட்டிக்கொள்ள வேண்டும். விமலாவுக்கு அந்த ஏழாம் வாய்ப்பாடு சாகிற வரைக்கும் வரக்கூடாது. டீச்சர் ஆசையாக வளர்க்கிற கோழியைக் கீரிப்பிள்ளை பிடித்துக்கொண்டு போக வேண்டும். கேட்பதை விவரமாகக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவருக்கு ஆயிரம் வேலை, ஆள் மாறிப் போய்விடக் கூடாது. அதனால் அடையாளத்தோடு சொல்வேன்: "சிவப்புக் கோழிங்க, மேக்காலப் பட்டியில அடையும். எங்கூட்டுதும் சிவப்புத்தானுங்க, ஆனா அதுக்கு ஒரு கால் நொண்டி, பாத்துக்கோங்க."

இரண்டு வாரத்தில் டீச்சர் வீட்டுக் கோழியைக் கீரி பிடித்துவிட்டது.

டீச்சர் தெருவில் நின்று புலம்பின புலம்பலைக் கேட்டு, ராட்டையை விட்டுவிட்டு, தறிக்குழிக்குள் இறங்கி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அப்பா, "எதுக்குடி இளிக்கற?" என்று கேட்டார். சொல்ல முடியவில்லை. அந்தச் சந்தோஷத்துக்காக நான் இன்றைக்கு வரைக்கும் மன்னிப்புக் கேட்டதில்லை. கோழிக்காக மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

ஆனால் அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது, டீச்சர் கணீரென்று பாடினார். விமலா லீவுக்கு வந்தாள், ஆங்கிலத்தில் ஒரு பாட்டுப் பாடினாள், எல்லோரும் கைதட்டினார்கள். நான் வீட்டுக்கு வந்து, கடவுளிடம் "உங்ககூடக் காய்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்தினேன். நான்கு நாள் பேசவில்லை. அம்மாவுக்கு இருமல் கூடியிருந்தது, புது நூல் சாயம் கையில் ஒட்டிப் போகவே மாட்டேன் என்றது, பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் அட்டாலிப் பரணில் குட்டி போட்டிருந்தது. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? ஐந்தாம் நாள், "காயெல்லாம் அப்படியேதானுங்க இருக்குது, ஆனா இதைக் கேளுங்க" என்று பூனைக்குட்டியிலிருந்து ஆரம்பித்தேன்.

இப்படித்தான் எனக்குக் கடவுளோடு பழக்கமானது. டீச்சரைப் பற்றிப் புகார் சொல்லத் தினமும் போனேன். போன இடத்தில் மற்றதையும் பேசினேன். வயதுக்கு வந்ததை அம்மாவுக்கு முன்னால் அவரிடம்தான் சொன்னேன். அம்மா இறந்த வருஷம் அவரைத் திட்டினேன், கெட்ட வார்த்தை என்று எனக்குத் தெரிந்த இரண்டையும் சொன்னேன். அம்மா இறந்த அன்றைக்கு, அடக்கத்துக்குக் கேட்டு டீச்சர் வீட்டு வாசலில் அப்பா போய் நின்றார், அம்மா சொன்ன மாதிரியே. மழைத்தூறலில் அரைமணி நேரம் நின்றார். அதையும் அவரிடம் சொல்லி வைத்தேன்: "இதையும் மறந்துராதீங்க."

பதினெட்டு வயதில் எனக்குக் கல்யாணமானது. மாமனுக்கு இல்லை. ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட ஊர் ஊராகப் போகிற ஒரு நல்ல மனிதருக்கு. கல்யாணமான புதிதில் அவரை நான் "இங்க பாருங்க" என்றே கூப்பிட்டேன். "ஏண்டி, எல்லாப் பொம்பளைகளும் ஏனுங்கன்னுதான கூப்புடறாங்க, உனக்கு மட்டும் என்ன கொள்ளை? நான் என்ன எப்பப் பாத்தாலும் எதையாச்சும் பாத்துக்கிட்டே இருக்கோணுமா?" என்று கேட்பார். நான் சிரித்துக்கொள்வேன். அந்த வார்த்தையால் என்னைத் தள்ளினார்கள்; அதனால் அதை ஒரே ஆளுக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டேன். மனிதர் இருந்த வரைக்கும் அவருக்கு அது தெரியாது.

சபையில் நான் வாய்விட்டு ஜெபித்ததே இல்லை. மாதர் கூட்டத்தில் ஆளுக்கொரு ஜெபம் என்று வரிசையாக வந்தால் என்னிடம் வரும்போது பக்கத்திலிருக்கிறவர் தாண்டிப் போய்விடுவார். வாயில்லாத பூச்சி என்று எனக்குப் பேர். ஏறக்குறைய அறுபது வருஷம் அப்படியே போனது.

போன வருஷம் மாதர் கூட்டத்திலிருந்து வேன் பிடித்துச் சேலத்துக்குப் போனோம், ஞானம் டீச்சர் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று. தொண்ணூறு வயதை நெருங்கியிருந்தார். விமலா வீட்டில் இருந்தார். விமலா தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், கண்ணாடி போட்டிருந்தாள், என்னைவிட இளமையாகத் தெரிந்தாள். டீச்சருக்குக் காது நன்றாகக் கேட்டது, ஆள்தான் அடையாளம் தெரியவில்லை. பாட்டுப் பாடினோம். ஜெபம் என்று வந்ததும் போதகரின் மனைவி, சின்னப் பெண், விளையாட்டாக, "இன்னைக்கு ரூத்தம்மா ஜெபம் பண்ணட்டுமே" என்றாள்.

"அவங்க வாயத் தொறந்தா சேலத்துல வெள்ளம் வந்துருங்க!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

நான், "பண்றேனுங்க" என்றேன்.

சிரிப்பு நின்றது. எல்லோரும் கண்ணை மூடினார்கள். எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு: ஒருவர் ஜெபிக்கத் தொடங்கிவிட்டால் அது முடிகிற வரைக்கும் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், வீடு தீப்பிடித்தாலும் பேச மாட்டார்கள். முடிந்ததும் எல்லோரும் ஆமென் சொல்லியாக வேண்டும். அதை நான் யோசித்துத்தான் வாய் திறந்தேன், மறைக்கவில்லை.

"ஏனுங்க," என்றேன். யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. "நாந்தானுங்க ரூத்து. ஞானம் டீச்சர் ஊட்டுக்கு வந்திருக்கறோமுங்க. இந்தம்மா அன்னைக்குப் போர்டிங் அம்மாகிட்ட என்னையப் பத்திச் சொன்னது பொய்யுங்க. எனக்கு ஆரையும் பேசி வெக்கலீங்க. இவிய அக்கா மகளை அனுப்பறதுக்காகச் சொன்னாங்க. எங்கப்பன் கேக்கப் போனப்ப, உங்க சித்தம்னு உங்க மேலயும் பொய் சொன்னாங்க. நான் அஞ்சாவதோட நின்னுட்டேனுங்க. நீங்க பாத்துட்டுத்தான் இருந்தீங்க. இது நடந்தது நடந்தபடிங்கறதுக்கு இங்க இருக்கறவிய எல்லாரும் ஆமென் சொல்லோணுமுங்க. இந்தம்மாளுக்கு வலியில்லாம வெச்சுக்கோங்க. ஆமென்."

வலியில்லாமல் என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கட்டிலில் டீச்சரின் மெலிந்த கையைப் பார்த்ததும் வந்துவிட்டது. அதற்காக என்னை நல்லவள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பழக்கதோஷத்தில் அத்தனை பேரும் ஆமென் சொன்னார்கள். விமலா சொன்னாள். கட்டிலில் இருந்து, அதே கணீர்க் குரலின் மிச்சத்தில், டீச்சரும் சொன்னார். புரிந்து சொன்னாரா, ஆயுள் முழுக்கச் சொன்ன பழக்கத்தில் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. எப்படிச் சொல்லியிருந்தாலும் அந்த ஆமென் எனக்கு வேண்டும். எடுத்துக்கொண்டேன்.

வேன் கிளம்புகிற நேரத்தில் விமலா வாசல் வரைக்கும் வந்தாள். அழுவாள், இல்லையென்றால் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரூத்து, எனக்குப் போகவே பிடிக்கலை தெரியுமா. பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். சித்தி அடிச்சுத்தான் வண்டியில ஏத்துனாங்க" என்றாள்.

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாளோ என்னவோ. வேண்டும் என்று நின்றவளைத் தள்ளிவிட்டு, வேண்டாம் என்று அழுதவளை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஊர் வந்து சேர்கிற வரைக்கும் வேனில் இருந்தவர்கள் என்னோடு பேசவில்லை. வாயில்லாத பூச்சி என்று அதற்குப் பிறகு என்னை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அடுத்த மாதம் டீச்சர் இறந்துபோனார். நான் போகவில்லை.

இப்போது எங்கள் ஜெபவீடு பெரிய கட்டடமாகிவிட்டது. தரையில் வழுக்குகிற கல் பதித்து, பாயை எடுத்துவிட்டு நாற்காலி போட்டுவிட்டார்கள். யாருக்கும் முழங்காலில் வரி விழுவதில்லை. கைத்தறிச் சத்தம் இருந்த தெருவில் விசைத்தறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. என் பேத்தி அவள் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள், கோபம் வந்தால் "டேய்" என்கிறாள், அவனும் "என்ன" என்று திரும்புகிறான். "ஏனுங்க" என்பது பெண்டாட்டி கூப்பிடுகிற வார்த்தை என்று இன்றைக்கு ஒருவர் சொன்னால் குழந்தைகள்கூட நம்பாது. அந்தப் பொய்க்கு நிற்க ஒரு கால்கூட இந்த ஊரில் இப்போது இல்லை. எனக்குத்தான் அது காலம் தாழ்ந்து போய்விட்டது.

டீச்சர் போனபிறகு சில வாரங்கள் காலையில் உட்கார்ந்தால் எனக்குப் பேச்சே வரவில்லை. புகார் சொல்ல ஆள் இல்லை. கோபமும் போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன். அப்புறம் ஒருநாள் காபி ஆற்றிக்கொண்டிருக்கையில் தெரிந்தது, அது எங்கேயும் போகவில்லை, போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. டம்ளரை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அன்றையிலிருந்து தினமும் அதைத்தான் கேட்கிறேன்.

"டீச்சர் செத்துப் போயாச்சுங்க. எங்கப்பன் அம்மா போயாச்சு, அந்தப் போர்டிங் அம்மாளும் இருக்க மாட்டாங்க. இனி இதைக் கேக்கறதுக்கு நீங்க ஒருத்தருதானுங்க மிச்சம். நான் பத்து வயசுப் புள்ள, பயந்துக்கிட்டு நின்னுட்டேன். நீங்க எதுக்குங்க சும்மா நின்னீங்க?"

கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவரும் எழுந்து போகவில்லை.